தொண்ணூற்றேழாவது அட்டை

மார்ச் 3, 1988. வியாழன்

எனக்குக் காது கேட்காது என்று வேலைக்காரி பவுனு தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அது சரியல்ல. மனிதர்கள் இப்போது வாயைத் திறந்து பேசுவதில்லை, அவ்வளவுதான். பாத்திரம் தேய்த்துக்கொண்டே முதுகைக் காட்டிப் பேசினால் யாருக்குத்தான் புரியும்? முகம் பார்த்துப் பேசுகிறவர்கள் சொன்ன எதுவும் இன்றுவரை எனக்குத் தப்பியதில்லை. பாரிஸிலிருந்து ஆல்பர் அனுப்பிய காது மெஷின் பீரோவில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. மகன் அனுப்பியதைத் திருப்பி அனுப்புவது மரியாதையல்ல. அதற்காகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

இன்னொரு திருத்தம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் "ஊமைப்பட நாயகி நம்மிடையே வாழ்கிறார்" என்று போட்டிருக்கிறார்கள். நான் நடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் நடித்ததில்லை. 1929ஆம் வருஷம் ஒரு பிரெஞ்சு கம்பெனியும் சென்னைக் கூட்டாளி ஒருவரும் சேர்ந்து இந்த ஊரில் "நீலக் கையுறை" என்று ஒரு துப்பறியும் படம் எடுத்தார்கள். அதில் வசனம் வரும் அட்டைகளைத் தமிழில் மொழிபெயர்த்து, என் கையாலேயே எழுதியவள் நான். அப்போது பதினெட்டு வயது. மடத்துக் கன்னியர்களிடம் படித்த கையெழுத்து.

சென்னைத் திரைப்படக் கழகத்திலிருந்து கமலநாதன் என்பவர் சனிக்கிழமை பார்க்க வருவதாக எழுதியிருக்கிறார். கடிதத்தில் மூன்று பிழைகள்.

தலையணை உறைகள் வெளுத்து வந்தன. ஒன்று குறைகிறது.

மார்ச் 5. சனி

கமலநாதன் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையான மனிதர், ஆனால் மீசை மேலுதட்டை முழுக்க மூடியிருக்கிறது. அவர் சொன்னதில் பாதி அந்த மீசைக்குள்ளேயே நின்றுவிட்டது. இரண்டு தடவை "எழுதிக் காட்டுங்கள், எனக்கு எல்லாம் துல்லியமாக வேண்டும்" என்றேன். நோட்டில் எழுதிக் காட்டினார்.

விஷயம் இது. "நீலக் கையுறை"யின் ஒரு பிரதி ஐரோப்பாவில் ஒரு பழைய கிடங்கில் கிடைத்திருக்கிறது. பிரெஞ்சு அட்டைகளோடு இருக்கிறது. தமிழ் அட்டைகள் போட்ட பிரதி ஒன்றுகூட உலகத்தில் இல்லை. அட்டைகளில் என்ன எழுதினேன் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டார். நான் எழுந்து போய் நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள், வரிசை எண்ணோடு, ஒன்றுகூட விடாமல். மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அம்மா, இது பொக்கிஷம்மா."

"இது நோட்டு. கவனமாகப் புரட்டுங்கள்."

இருபத்தாறாம் தேதி இங்கேயே திரையிடப் போகிறார்களாம். பழைய வழக்கப்படி அட்டை வரும்போதெல்லாம் ஒருவர் மேடையோரம் நின்று உரக்கப் படிக்க வேண்டும் (அப்போது கொட்டகையில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது). அதை நானே செய்ய வேண்டும் என்கிறார். ஒப்புக்கொண்டேன்.

கதை அவருக்கே சரியாகத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன். ஒரு பிரெஞ்சு வியாபாரி கொல்லப்படுகிறார். பக்கத்தில் ஒரு நீலக் கையுறை கிடக்கிறது. கையுறையைத் திருடி விற்ற ஒரு சில்லறைத் திருடன்மேல் பழி விழுகிறது. அவன் திருடன், ஆனால் கொலைகாரன் அல்ல. போலீஸ் துரத்த, கடற்பாலத்தின் நுனிவரை ஓடி, கடலில் குதித்துச் செத்துப்போகிறான். அதற்குப் பிறகுதான் உண்மையான கொலைகாரர் வக்கீல் என்று தெரியவருகிறது. நூற்று நான்காவது அட்டை: "அவன் குற்றமற்றவன்." இரண்டே சொல். எனக்குப் பிடித்த அட்டை.

போகும்போது, திருடனாக நடித்தவர் படப்பிடிப்பிலேயே இறந்தது உண்மையா என்று கேட்டார்.

ஆமாம். சந்தியாகு என்று பெயர். பஞ்சாலைத் தொழிலாளி. விபத்து. அதைப் பற்றி அப்போதே எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

மார்ச் 6. ஞாயிறு

பூசை. புதுச் சாமியார் பிரசங்கத்தைக் காகிதத்தைப் பார்த்தே படிக்கிறார், முகத்தைத் தூக்குவதே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இருந்திருக்காது.

மார்ச் 9. புதன்

படத்தில் பிரெஞ்சு அட்டைகளுக்குப் பதிலாகச் சேர்க்க, அட்டைகளைப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். கறுப்பு அட்டை, வெள்ளை வர்ணம், இரண்டாம் நம்பர் தூரிகை. கை நடுங்கவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

அப்போது ஒரு விதி இருந்தது. எந்த அட்டையிலும் எட்டுச் சொல்லுக்கு மேல் கூடாது. டைரக்டர் மிசியே பெலார் பிரெஞ்சில் இருபது சொல் எழுதிக் கொடுப்பார், நான் எட்டில் முடிப்பேன். "மத்மொசெல் பிலோமின் தந்தி ஆபீஸில் இருக்க வேண்டியவர்" என்பார். படப்பிடிப்பிலும் அவருக்கும் நடிகர்களுக்கும் நடுவே நான்தான் மொழி. அவர் பிரெஞ்சில் சொல்வார், கேமராக்காரர் ஜெர்மன்காரர், நடிகர்களுக்குத் தமிழ் மட்டும். அப்பா மூன்று நிபந்தனை போட்டிருந்தார். அத்தை உடன் இருக்க வேண்டும். குடையை விட்டு வெளியே வரக்கூடாது. மொழிபெயர்ப்பதைத் தவிர நடிகர்களோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. மூன்றையும் நான் மீறியதில்லை.

கேட்டதைக் கேட்டபடி மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

எலுமிச்சை ஊறுகாயில் உப்பு போதவில்லை. பவுனுவிடம் சொன்னேன். அவள் வாய் "சரி" என்றது. முகம் சொன்னது வேறு.

மார்ச் 12. சனி

கமலநாதன் வீடியோ கேசட்டும் மெஷினும் கொண்டுவந்து டி.வி.யில் பொருத்திவிட்டுப் போனார். அட்டை எங்கெங்கே வருகிறது என்று நான் குறித்துத் தர வேண்டும். நிறுத்தவும் பின்னால் ஓட்டவும் இரண்டு பொத்தான்களைப் பவுனுவுக்குக் கற்றுக் கொடுத்தார்.

ஐம்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். திரையில் கடற்பாலம் அப்படியே இருக்கிறது. 1952 புயலில் போன பாலம். அத்தையின் குடை ஒரு காட்சியின் ஓரத்தில் தெரிகிறது.

தொண்ணூற்றேழாவது அட்டை வரும் இடம்வரை குறித்தேன். பிறகு நிறுத்தச் சொன்னேன்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

மார்ச் 13. ஞாயிறு

தலைவலி. பூசைக்குப் போகவில்லை.

மார்ச் 15. செவ்வாய்

அந்தக் காட்சியைப் பத்தொன்பது தடவை பார்த்தேன். எண்ணிக்கையைச் சரியாக எழுதுவது என் பழக்கம்.

ஊமைப்படத்தில் நடிகர் என்ன பேசினாலும் ஒன்றுதான். உதடு அசைந்தால் போதும். "எதையாவது சொல்லச் சொல்லுங்கள்" என்பார் மிசியே பெலார். ஆகவே ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். வக்கீலாக நடித்தவர் கொலைக் காட்சியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். போலீஸ்காரராக வந்தவர் கைது செய்யும்போது மில்லில் மேஸ்திரியைத் திட்டும் கெட்ட வார்த்தைகளைச் சொல்வார். அத்தை காதைப் பொத்திக்கொள்வாள். வாயசைப்பை யாரும் கவனிப்பதில்லை. அட்டையில் வருவதுதான் பேச்சு.

பாலத்து நுனிக் காட்சிக்கு மிசியே பெலார் சொன்னது: "கெஞ்சச் சொல்லுங்கள். போலீஸாரிடம் கெஞ்ச வேண்டும், பிறகு குதிக்க வேண்டும்." நான் அப்படியே சொன்னேன். சந்தியாகு கெஞ்சினார். நன்றாகக் கெஞ்சினார். மிசியே பெலார் சந்தோஷத்தில் தொப்பியைக் கழற்றினார்.

இப்போது திரையில் அந்த உதடுகள் தெளிவாகத் தெரிகின்றன. மீசை மழித்த முகம். நல்ல வெளிச்சம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது கடினமே அல்ல. எனக்கு அது எப்படியோ பழகிவிட்டது.

அவர் போலீஸ்காரர்களைப் பார்த்துப் பேசவில்லை. கேமராவுக்கு வலப்பக்கம் பார்த்துப் பேசுகிறார். அங்கேதான் குடை இருந்தது.

"சின்னம்மா, எனக்கு நீந்தத் தெரியாது. தொரகிட்ட சொல்லுங்க. சின்னம்மா."

நடிகர்கள் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். படத்துக் கதையில் சின்னம்மா என்று யாரும் இல்லை.

அதற்குப் பிறகு நான் எழுதிய அட்டை வருகிறது. "உயிரோடு என்னைப் பிடிக்க முடியாது."

நான்கு சொல்.

மார்ச் 16. புதன்

அலையும் காற்றும் அன்று அதிகம். கேமராவின் கைப்பிடி சுற்றும் சத்தம் வேறு. எதுவும் கேட்டிருக்க வழியில்லை.

மார்ச் 18. வெள்ளி

பவுனு சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தியை அழைத்துவந்துவிட்டாள். அவள் சந்திலேயே குடியிருக்கிறவள், மதலேனாள் என்று பெயர். மாணவர் விடுதியில் சமையல். ஐம்பத்தெட்டு வயது. வாசற்படிக்குக் கீழேயே செருப்பை விட்டுவிட்டு, ஹாலில் உட்காராமல் நின்றாள்.

"சந்தியாகு மகம்மா இவ," என்றாள் பவுனு. என் முகத்துக்கு நேரே வந்து, வாயை ஒரு முழம் திறந்து சொன்னாள். "அப்பா படத்த ஒரு தரம் பாத்துட்டுப் போவட்டுமே. பொறந்ததுலேருந்து மூஞ்சியே பாத்ததில்லயாம்."

"போட்டோ இல்லையா?" என்று கேட்டேன்.

"மில்லு கூலிக்கு யாரும்மா போட்டோ புடிச்சா?" என்றாள் மதலேனாள். "அப்பா போயி நாலு மாசத்துல நான் பொறந்தன். மூக்கு அவரு மூக்குன்னு அம்மா சொல்லும். அவ்வளவுதான் தெரியும்."

பவுனு பொத்தானை அமுக்கினாள். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

திருடன் முதலில் வருவது சந்தைக் காட்சியில். ஒரு பழக்காரியின் கூடையிலிருந்து கொய்யாவை எடுத்துக் கடித்துக்கொண்டே நடப்பான். மதலேனாள் டி.வி.க்கு ஒரு சாண் தூரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள்.

"எம் மவன் மாதிரியே திருட்டு முழி. பாருக்கா, அதே முழி."

"உம் மவனா? அவன் முழிக்கே நேரமில்ல, எப்ப பாத்தாலும் தூக்கம்," என்றாள் பவுனு.

இருபத்து நான்கு வயதுத் தகப்பனை ஐம்பத்தெட்டு வயது மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் வந்தது. அவர் ஓடினார், திரும்பினார், உதடுகள் அசைந்தன, குதித்தார்.

மதலேனாள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அங்க அப்பா என்னம்மா சொல்றாரு?"

அவளே மேலும் பேசினாள். நிதானமாகப் பேசினாள், நன்றாகப் புரிந்தது. "ஊருல எல்லாரும் அவரு தானாப் போயி வுழுந்தாருன்னுதான் சொல்வாங்க. அந்த வாரம் அம்மாவோட ஏதோ சண்டையாம். தொர ஆபீசுலயும் அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்களாம். அத வச்சித்தான் சாமியாரு உள்ள பொதைக்க வுடல. சொவத்துக்கு வெளிய பொதைச்சாங்க. அம்மா சாவற வரைக்கும் கல்லறத் திருநாளுக்கு உள்ள போவல. வெளியவே மெழுவத்தி வச்சிட்டு வந்துடும். இதுலயும் அதத்தான் சொல்றாரா? சாவப்போறேன்னா?"

"அட்டையில் இருப்பதுதான்," என்றேன். "உயிரோடு என்னைப் பிடிக்க முடியாது என்கிறார். அது கதை. நடிப்பு."

"கதையா," என்றாள். "கதையில அவரு கொல பண்ணலன்னு கடைசில சொல்லிட்டாங்க இல்லம்மா. நெசத்துலதான் யாரும் ஒண்ணும் சொல்லல."

காப்பி கொடுக்கச் சொன்னேன். நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 20. ஞாயிறு

நூற்றுப் பதினோரு அட்டைகள் முடிந்தன. தொண்ணூற்றேழு பாக்கி. மூன்று முறை எழுதினேன். முதலில் வர்ணம் வழிந்தது. இரண்டாவதில் "உயிரோடு" கோணல். மூன்றாவதில் குறை ஒன்றும் இல்லை. அதையும் கிழித்துவிட்டேன்.

கமலநாதன் போன் செய்தாராம். பவுனு பேசினாள். டெலிபோனில் நான் பேசுவதில்லை. அது எப்போதுமே கொரகொரவென்று இருக்கும்.

"தொண்ணூத்தேழு இன்னும் வரலியேன்னு கேக்குறாரு," என்றாள். "பாலத்து சீனுதான் படத்துலயே உசுராம். அந்தாளு நடிப்பப் பாத்துட்டு வெள்ளைக்காரங்களே அழுவுறாங்களாம். அந்தக் காலத்துல இவ்ளோ இயல்பா எப்படி நடிச்சாருன்னு கட்டுரையே எழுதியிருக்காங்களாம்."

நான்காவது முறை எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 24. வியாழன்

ரிக்‌ஷா வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் கணவரின் கல்லறையில் பளிங்கு பாசி பிடித்திருக்கிறது. துடைக்கச் சொன்னேன். மிசியே ஞானாதிக்கம், வழக்கறிஞர், 1969. பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருக்கிறது. பெயரும் பிறந்த வருஷமும் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. ஒரு வருஷம் மட்டும் பாக்கி.

பிறகு வெளியே வந்து சுவரைச் சுற்றி நடந்தேன். பின்பக்கம் சாக்கடை. கருவேலம் புதர். அங்கே நான்கைந்து மேடுகள். ஒன்றில் சுண்ணாம்பு அடித்த செங்கல் மூன்று, ஒரு மெழுகுக் கறை. பெயர் இல்லை.

பவுனு பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். மாட்டுவண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு வந்ததாம், வண்டிக்காரர் கத்தினாராம்.

"கேக்கலயாம்மா? நெசமாவே கேக்கலயா?"

"பார்த்துக்கொண்டிருந்தேன்," என்றேன்.

அவள் அதற்குப் பிறகு வழியெல்லாம் என் கையை விடவில்லை. நானும் உதறவில்லை.

மார்ச் 26. சனி

திரையிடல் முடிந்தது.

அரங்கு நிறைந்திருந்தது. வெளிர்நீலப் புடவை கட்டியிருந்தேன், முத்துச்சரம். மேடையோரம் ஒரு நாற்காலி, மேசைவிளக்கு, நோட்டு. ஒரு பெண் மாலை போட்டு ஏதோ பேசினாள். மைக் அவள் வாயை மறைத்தது. எல்லாரும் கைதட்டியதைப் பார்த்துத் தலையசைத்தேன்.

படம் ஓடியது. அட்டை வர வர எழுந்து நின்று படித்தேன். என் குரல் பின்வரிசைவரை போனது என்று கமலநாதன் பிறகு எழுதிக் காட்டினார். மதலேனாள் மூன்றாவது வரிசையில், தலையில் முக்காடிட்டு, மகனோடு உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு உண்மையாகவே அதே முழி.

தொண்ணூற்றாறு முடிந்ததும் மாற்றிப் படிக்கலாம் என்று நினைத்தேன். அட்டை வர இன்னும் சில நொடி. நோட்டு என் கையில் இருக்கிறது. திரையில் அவர் உதடு அசைகிறது. அவர் சொல்வதை அவர் சொல்கிற நேரத்திலேயே நான் சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். எழுந்து நின்றேன். மூன்றாவது வரிசையைப் பார்த்தேன்.

"உயிரோடு என்னைப் பிடிக்க முடியாது" என்று படித்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை.

கைதட்டினார்கள். மதலேனாள் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். மகன் அவள் தோளில் கை வைத்தான்.

பொன்னாடை போர்த்தினார்கள். ஜரிகை மட்டமானது.

மார்ச் 27. குருத்தோலை ஞாயிறு

பவுனு வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையாம். குருத்தோலையை நானே கட்டி சாமி படத்துக்கு மேல் செருகினேன்.

மார்ச் 29. செவ்வாய்

ஐம்பத்தெட்டு வருஷமாகத் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். கோபம், பெருமை, வேலைக்காரர்களிடம் கடுஞ்சொல். வரிசை மாறாது. இன்று இதைச் சொன்னேன்.

கேட்டது என்று சொன்னேன். அலையும் காற்றும் இருந்தது உண்மை. எனக்குப் பதினெட்டு வயது, பத்தடி தூரம், காது கூர்மை. "சின்னம்மா" என்று இரண்டு தடவை கூப்பிட்டது கேட்டது. நடிக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அப்படித்தான் எண்ணினேன் என்று இத்தனை வருஷமும் எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் அதிகாரியிடம் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தவளும் நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மிசியே பெலார் என்னையே எழுதச் சொன்னார். "தன் சொந்த விருப்பத்தின் பேரில், யாரும் கட்டாயப்படுத்தாமல் குதித்தார்." இலக்கணச் சுத்தமான பிரெஞ்சு. அந்தத் தாளின் நகல் பங்குக் கோயிலுக்குப் போனது. அதை வைத்துத்தான் சுவருக்கு வெளியே.

எல்லாம் சொல்லி முடித்தேன். சாமியார் நீண்ட நேரம் ஏதோ சொன்னார். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருட்டு. நடுவில் சல்லடைத் தடுப்பு. அவர் முகம் ஒரு நிழலாக அசைந்தது. உதடு தெரியவில்லை.

பாவமன்னிப்புக் கொடுத்தாரா, கொடுக்கவில்லையா, என்ன செய்யச் சொன்னார், எதுவும் எனக்குத் தெரியாது. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள். நான் உரக்கத்தான் பேசியிருக்க வேண்டும். வெளியே வந்தபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 1. பெரிய வெள்ளி

ஒருசந்தி. கஞ்சி மட்டும்.

பவுனு மாலை வந்தாள். செவ்வாயன்று நான் தொட்டியில் சொன்னது அவள் காதுக்கும் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பாத்திரத்தை வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"நான் போயி அவகிட்ட சொல்ல மாட்டன்," என்றாள். "அது நீங்க சொல்ல வேண்டியது. சொல்லாம இருந்தீங்கன்னா நாளைலேருந்து வேற ஆளப் பாத்துக்கங்க."

"ஈஸ்டர் முடியட்டும்," என்றேன்.

"அம்பத்தெட்டு ஈஸ்டர் முடிஞ்சிட்டுதும்மா."

ஏப்ரல் 4. திங்கள்

பீரோவிலிருந்து காது மெஷின் பெட்டியை எடுத்துப் பிரித்தேன். மாட்டிக்கொண்டேன். கடிகாரச் சத்தம் போல ஒன்று, பவுனு இருமுவது போல ஒன்று. பேச்சு மட்டும் வரவில்லை. காலம் கடந்துவிட்டது. கழற்றி வைத்துவிட்டேன்.

இன்று அனுப்பிய கடிதத்தின் நகலை இங்கே எழுதி வைக்கிறேன்.

திருமதி மதலேனாள் அவர்களுக்கு,

மார்ச் 18ஆம் தேதி என் வீட்டில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். பாலத்து நுனியில் உங்கள் தகப்பனார் என்ன சொல்கிறார் என்று. நான் சொன்ன பதில் பொய். அவர் சொன்னது இது: "சின்னம்மா, எனக்கு நீந்தத் தெரியாது. தொரகிட்ட சொல்லுங்க." சின்னம்மா என்று அவர் கூப்பிட்டது என்னை. அன்று அது என் காதில் விழுந்தது. நான் துரையிடம் சொல்லவில்லை. கீழே படகு இருக்கிறது என்று நம்பித்தான் அவர் குதித்திருப்பார், ஆனால் பாலத்துக்கு அடியில் நிற்க வேண்டிய படகு அலையில் விலகிப் போயிருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாத ஒன்று உண்டு. அன்று காலை டைரக்டர் என்னிடம், "அவருக்கு நீந்தத் தெரியுமா, போய்க் கேளுங்கள்" என்றார். உங்கள் தகப்பனார் பாலத்தின் அந்தக் கோடியில் கூலியாட்களோடு உட்கார்ந்திருந்தார். குடையைவிட்டு வெயிலில் நடந்து போய், அவர்கள் நடுவே நின்று கேட்க எனக்கு விருப்பமில்லை. தெரியாது என்று சொல்வதும் எனக்குப் பழக்கமில்லை. "தெரியும்" என்று நானே பதில் சொல்லிவிட்டேன். நான் மொழிபெயர்ப்பில் கூட்டிய ஒரே சொல் அதுதான்.

அவர் தானாகச் சாகவில்லை. சாக விரும்பவில்லை என்று கடைசி நிமிஷத்தில் வாய்விட்டுச் சொன்னார். ஆள் மாறிச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதி, சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, பங்குச் சாமியாரிடம் இன்று காலை நேரில் கொடுத்திருக்கிறேன். 1929ஆம் வருஷத்து வாக்குமூலம் தவறு என்றும், பங்குப் பதிவேட்டில் திருத்தம் வேண்டும் என்றும், உங்கள் தகப்பனாரைச் சுவருக்கு உள்ளே மந்திரித்த நிலத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். உள்ளே இடமில்லை என்று சொன்னால், என் கணவரின் பக்கத்தில் எனக்கென்று விட்டிருக்கும் இடத்தைக் கொடுக்கலாம் என்றும் எழுதியிருக்கிறேன். அங்கே வெட்டியிருக்கும் என் பெயரை எடுத்துவிடலாம். தொண்ணூற்றேழாவது அட்டையை மாற்றச் சொல்லி கமலநாதனுக்கும் எழுதிவிட்டேன். இனிமேல் படம் எங்கே ஓடினாலும் உங்கள் தகப்பனார் சொன்னதே வரும்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அந்த இடம் உங்கள் தகப்பனாருக்கு வேண்டுமா, எங்கள் குடும்பத்து நிலமே வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதோடு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் உங்களிடம் நிறைய இருக்கும். நீங்கள் என் வாசலில் வந்து நின்று சொன்னால் எனக்குப் புரியாமல் போய்விடும். எனக்குக் காது கேட்காது. ஏழு வருஷமாகக் கேட்காது.

ஆகவே பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

பிலோமின் ஞானாதிக்கம்